சென்னையிற் கண்ட சில்வியா

கோள்கள் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவன ஒன்பது. கோயில் மூலையிலே ஒன்பது பீடங்களில் நின்று நம் வணக்கத்தையும் எள்ளெண்ணெய் விளக்கையும் ஏற்கின்ற அந்த ஒன்பதின்மருக்கும் நம் வாழ்விலே உரிய இடம் உண்டு. ஆயின், ஞாயிற்றைச் சுற்றி வருகின்ற உலகங்களின் தொகை ஒன்பதோடு நின்றுவிடவில்லை. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே கிடக்கும் அகன்ற வெளியில் மட்டும், இதுவரை கணக்கெடுக்கப்பட்ட சிறுகோள்கள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டவை. பஞ்சாங்கத்தில் இடம்பெறாதவை; எவருடைய சாதகத்திலும் எந்த வீட்டிலும் குடியிருக்காதவை. இச்சிற்றுலகங்களுள் ஒன்றைப் பற்றிச் சில சொல்வதே என் கருத்து.

இவற்றுள்ளே பேர்பெற்றவை சில உள. 1801 ஆம் ஆண்டின் முதல் இரவிலே இத்தாலிய வானியலார் பியாசி கண்ட சீரிசு முதலாவது. 1807 இல் ஒல்பேர்சு கண்ட வெசுத்தா மற்றொன்று. இவ்விரண்டிடத்தும் விண்கலம் சென்று அணித்தே நின்று படம் எடுத்தனுப்பிவிட்டது. நான் எடுத்துக்கொள்வது அவற்றையன்று. 87 என்னும் இலக்கமும் சில்வியா என்னும் பெயரும் பெற்ற ஒரு சிறுகோளையே எடுத்துக்கொள்கிறேன். அங்கு எந்த விண்கலமும் சென்றதில்லை. எனினும், அதன் எடை என்ன, உள்ளீடு எத்தகையது, துணை யார் என்பனவெல்லாம் இன்று நமக்குத் தெரியும். இருந்த இடத்தில் இருந்துகொண்டே மனிதன் இத்துணையும் அறிந்தது எவ்வாறு என்பதுதான் என் உள்ளத்தைக் கவர்ந்தது. அந்த அறிவின் முதற்படி தமிழ்நாட்டிலே, சென்னையிலே, எடுத்து வைக்கப்பட்டது என்பது மற்றுமொரு காரணம்.

சென்னையின் நுங்கம்பாக்கத்திலே கிழக்கிந்தியக் கம்பனியார் 1792 இல் ஒரு வானாய்வு நிலையத்தை நிறுவினர். 1861 இல் அதன் தலைவராக வந்து சேர்ந்தவர் நோமன் பொக்சன் என்னும் ஆங்கிலேயர். வந்த சில கிழமைகளுக்குள்ளேயே, அவ்வாண்டு ஏப்பிரல் 17 ஆம் நாள், அவர் ஒரு சிறுகோளைக் கண்டார். ஆசியாக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதற் சிறுகோள் அதுவே ஆதலின், அதற்கு ஆசியா என்றே பெயரிட்டார். அதன்பின் சாப்போ, சில்வியா, கமில்லா, வேரா என மேலும் நான்கு சிறுகோள்கள் சென்னை வானிலே அவர் கண்ணுக்கு அகப்பட்டன. சில்வியா அகப்பட்டது 1866 மே மாதம் 16 ஆம் நாள்.

அந்நிலையத்திலே அவருக்குத் துணைநின்றவர்களுள் தலையாயவர் சிந்தாமணி இரகுநாதாச்சாரியார். சோதிடக் கணிதத்திலே தேர்ந்த மரபில் வந்த அவர், இளமையிலேயே அங்கு பணியிற் சேர்ந்தவர். 1867 இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைத் தாமே கண்டறிந்தார். 1872 இல் இலண்டன் அரச வானியற் கழகத்தின் உறுப்பினராகத் தெரிவு செய்யப்பெற்ற முதல் இந்தியர் என்னும் பெருமையையும் எய்தினார். வெள்ளி என்னும் கோள் ஞாயிற்றின் முகத்தைக் கடந்து சென்ற 1874 ஆம் ஆண்டு நிகழ்ச்சியை நம் மக்களுக்கு விளக்க நூல் எழுதியவரும் அவரே. சென்னை நிலையத்தின் புகழைப் பேசுமிடத்து இவர் பெயரை விடுத்துப் பேசுதல் முறையன்று.

சிறுகோளைக் கண்டுபிடித்தல் அக்காலத்தில் எத்தகைய வேலை? இப்பொழுதுபோல் ஒளிப்படக் கருவியும் கணினியும் துணைக்கு இல்லை. வானத்தின் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள மங்கலான மீன்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் படத்திலே குறித்து வைக்கவேண்டும். வேறோர் இரவிலே அதே துண்டைத் தொலைகாட்டியிற் பார்த்துப் படத்தோடு ஒப்பிடவேண்டும். நேற்று இல்லாத ஒரு புள்ளி இன்று இருக்குமாயின், அல்லது நேற்றிருந்த புள்ளி இன்று சற்றே விலகியிருக்குமாயின், அது விண்மீன் அன்று. சில்வியா பூமிக்கு அணித்தாக வரும் காலத்திலே வானில் ஒரு நாளைக்கு நகரும் தூரம், முழுமதியின் அகலத்திலே மூன்றிலொரு பங்குதான். அந்நகர்வைக் கண்டுகொள்ள அசையாத பொறுமை வேண்டும்.

அன்றியும், அப்புள்ளி மிக மங்கலானது. மீன்களின் ஒளியைத் தரம் பிரிக்கும் வழக்கம் பண்டுதொட்டே உண்டு. வெறுங்கண்ணுக்குத் தெரிவனவற்றுள் மிக மங்கலானவை ஆறாந்தரம் எனப்பட்டன. இத்தரங்களைத் திட்டமான கணக்குக்குள் கொண்டுவந்தவரும் நம் பொக்சனே. ஐந்து தரம் வேறுபட்டால் ஒளி நூறு மடங்கு வேறுபடும் என்று அவர் 1856 இல், ஒக்சுபோட்டில் இருந்த காலத்திலே, வகுத்த விதியே இன்றும் உலகெங்கும் கைக்கொள்ளப்படுகிறது. அக்கணக்கின்படி சில்வியா பன்னிரண்டாந் தரத்துக்கு அணித்தானது. அதாவது, நம் கண்ணுக்குத் தட்டுப்படும் கடைசி மீனைவிட ஏறத்தாழ இருநூற்றைம்பது மடங்கு மங்கியது.

புள்ளியைக் கண்டபின் அதன் பாதையை அறிதல் அத்துணை அரிதன்று. மூன்று வேறு இரவுகளில் அது நின்ற இடங்கள் திருத்தமாகத் தெரிந்தாற் போதும், அதன் ஒழுக்கைக் கணித்துவிடலாம் என்பதைச் சீரிசின் பொருட்டு யேர்மானியக் கணித மேதை காவுசு 1801 இலேயே காட்டியிருந்தார். சில்வியா ஞாயிற்றைச் சுற்றும் பாதை சற்றே நீண்ட வட்டம். ஞாயிற்றிலிருந்து அதன் சராசரித் தூரம், பூமியின் தூரத்தைப்போல் மூன்றரை மடங்கு. அஃதாவது 52 கோடிக் கிலோமீற்றர். அணித்தே வரும்போது 47 கோடி. அகன்று செல்லும்போது 57 கோடி. பூமியின் பாதைத் தளத்துக்கு அதன் பாதை ஏறத்தாழ 11 பாகை சாய்ந்துள்ளது. வினாடிக்கு 16 கிலோமீற்றர் வீதம் ஓடியும், ஒரு சுற்றை முடிக்க அதற்கு ஆறரை ஆண்டுகள் செல்கின்றன.

இப்பாதை அமைந்த இடமும் கருதத்தக்கது. சிறுகோள்கள் அவ்வெளியெங்கும் ஒரே சீராகப் பரந்து கிடக்கவில்லை; இடையிடையே வெறுமையான ஒழுங்கைகள் உண்டு என்பதைத் தானியல் கேர்க்வூட் என்னும் அமெரிக்க வானியலார் கண்டு கூறியது, சில்வியா அகப்பட்ட அதே 1866 ஆம் ஆண்டில். வியாழன் ஒரு முறை ஞாயிற்றைச் சுற்றும் காலத்தில் சரியாக இரண்டு முறை சுற்றும் தூரத்திலே ஒரு சிறுகோள் இருந்தால், வியாழனின் ஈர்ப்பு மீண்டும் மீண்டும் ஒரே இடத்திலே அதனைத் தாக்கும். ஊஞ்சலை ஒரே தருணத்திற் பிடித்துத் தள்ளுவது போன்றது அது. தள்ளுண்ட சிறுகோள் நாளடைவில் அவ்விடத்தை விட்டு வெளியேறும். அவ்வாறு துடைக்கப்பட்ட வெறுமைக்கு அப்பால், சிறுகோள் மண்டலத்தின் வெளி விளிம்பிலே, சில்வியா ஓடுகிறது. பெருங்கூட்டம் ஒழுங்கையின் இப்புறம். சில்வியாவோடு ஒரு சிறுகூட்டம் அப்புறம்.

இத்துணையும் பாதையைப் பற்றிய செய்தி. பொருளைப் பற்றிய செய்தி யாது? அங்குதான் தடை நேர்ந்தது. பாதையைக் கணிக்கும் சூத்திரம், ஓடுகின்ற பொருளின் திணிவைக் கேட்பதில்லை. மலையாயினும் மணலாயினும் ஒரே தூரத்திலே ஒரே வேகத்தில் ஞாயிற்றைச் சுற்றும். ஆகவே, சில்வியா எங்கே எப்பொழுது இருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லவல்ல அறிஞரால், சில்வியா என்பது என்ன என்பதைச் சொல்ல இயலவில்லை. ஒருவர் நாள்தோறும் நம் படலையைக் கடந்து போகும் நேரத்தை அறிந்திருக்கிறோம். அவர் யார் என்பதை அறியோம். அந்நிலை நூறாண்டுக்கு மேல் நீடித்தது.

சிறுகச் சிறுகவே திரை விலகிற்று. சில்வியாவின் ஒளி சீராக நிற்பதன்று; ஏறியும் இறங்கியும் அசைவது. அவ்வசைவைப் பொக்சனின் தரக்கணக்கிலே அளந்து பார்த்தபோது, அது 5 மணி 11 நிமிடத்துக்கு ஒருமுறை தன்னைத் தானே சுற்றுகிறது என்பதும், ஒவ்வொரு சுழற்சியிலும் ஒளி இருமுறை ஏறி இருமுறை இறங்குகிறது என்பதும் புலனாயின. உருண்டையான பொருள் அவ்வாறு செய்யாது. நீண்ட கிழங்கு போன்ற பொருளே அகன்ற பக்கத்தையும் ஒடுங்கிய முனையையும் மாறிமாறிக் காட்டும். இன்றைய மதிப்பின்படி அதன் நீளம் 370, அகலம் 250, தடிப்பு 190 கிலோமீற்றர் அளவில் அமையும். நம் இலங்கைத் தீவைச் சற்றே குறுக்கி, அடியிலே 190 கிலோமீற்றர் ஆழத்துக்குப் பெயர்த்தெடுத்தாற் போன்ற ஓர் உருவத்தை வாசகர் மனத்திற் கொள்ளலாம். மேலே விழும் ஒளியில் நூற்றில் நாலைந்து பங்கையே அது திருப்பி விடுகிறது. அடுப்புக்கரியைப் போன்ற கருமை அது.

திணிவைத் திருத்தமாக அறிய நல்ல வழியொன்று இருந்தது. அதனைச் சுற்றி ஓடும் மற்றொரு பொருள் வேண்டும். ஞாயிற்றின் திணிவைப் பூமியின் ஓட்டம் காட்டுகிறது. வியாழனின் திணிவை அதன் திங்கள்கள் காட்டுகின்றன. சில்வியாவுக்குத் துணை ஒன்று இருக்குமாயின், துணையின் தூரமும் சுற்றும் காலமும் தலைவியின் திணிவைச் சொல்லிவிடும். ஆனால் அவ்வளவு தொலைவிலே, அவ்வளவு சிறிய துணையை, தலைவியின் ஒளியை விட்டுப் பிரித்துக் காண்பது எங்ஙனம்? நம் வளிமண்டலத்தின் நடுக்கத்தினால் மீன்கள் மின்னுகின்றன. கவிஞருக்கு இன்பம் தரும் அந்த மின்னலே வானியலாருக்குத் துன்பம். இரண்டு புள்ளிகளை அது ஒன்றாகக் குழப்பிவிடும்.

அத்துன்பத்துக்கும் மருந்து கண்டனர். காற்றின் நடுக்கத்தை வினாடிக்குப் பல நூறு தடவை அளந்து, அதற்கு எதிராகத் தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளும் மெல்லிய ஆடியொன்றைத் தொலைகாட்டியிற் பொருத்தினர். காற்று கலைத்த ஒளியை அந்த ஆடி மீளக் கூட்டிக் கொடுத்தது. அவ்வகைக் கருவி பூண்ட ஹவாய்த் தீவின் கெக் தொலைகாட்டியால், 2001 பெப்ரவரியிலே மைக்கேல் பிரௌன், மார்கோ என்னும் இருவர் சில்வியாவின் பக்கத்தில் ஒரு மங்கற் புள்ளியைக் கண்டனர். 2004 இல் தென்னமெரிக்காவின் சிலி நாட்டிலுள்ள பெருந்தொலைகாட்டி எடுத்த படங்களிலே, பிராங்க் மார்சிசும் அவர்தம் கூட்டத்தாரும் இரண்டாவது புள்ளியையும் கண்டனர். 2005 இல் இச்செய்தி வெளியாயிற்று. இரண்டு உபகோள்களைக் கொண்டதென அறியப்பட்ட முதற் சிறுகோள் சில்வியாவே.

இரண்டுக்கும் பெயர் சூட்டுவதிலே தடுமாற்றம் நேரவில்லை. உரோமரின் பழங்கதையிலே ரியா சில்வியா என்பவள் ஓர் அரசகுமாரி. கன்னி விரதம் பூணுமாறு நிருவகிக்கப்பட்ட அவள், இரட்டைப் பிள்ளைகளை ஈன்றாள். பிள்ளைகள் ஆற்றிலே விடப்பட்டனர். குந்தி கன்னனை ஆற்றில் விட்ட கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதியதன்று. கன்னன் தேர்ப்பாகன் வீட்டை அடைந்தான். இவர்களோ ஓநாயின் பாலுண்டு வளர்ந்து, பின்னர் உரோம நகரைத் தோற்றுவித்தவர்களாய்ப் போற்றப்பட்டனர். ரொமுலசு, ரீமசு என்பன அவர்தம் பெயர்கள். அப்பெயர்களையே உபகோள்களுக்கும் இட்டனர். முதற் பெயர் சென்னையிலே வைக்கப்பட்டு ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகளின் பின் பிள்ளைகள் தாயிடம் சேர்ந்தனர்.

ரொமுலசு தாயிலிருந்து 1,356 கிலோமீற்றர் தூரத்திலே மூன்றரை நாளுக்குச் சற்றே மேற்பட்ட காலத்தில் ஒரு சுற்றை முடிக்கிறது. ரீமசு 706 கிலோமீற்றர் தூரத்திலே 33 மணி நேரத்தில் முடிக்கிறது. கெப்ளர் வகுத்த விதியிலே இவ்வெண்களை இட்டு நான் கணக்கிட்டுப் பார்த்தேன். பள்ளிக்கூட மாணவனும் ஒரு தாளிலே செய்துவிடக்கூடிய கணக்கே அது. தனித்தனியே விசாரித்த இரு சாட்சிகளும் ஒரே வாக்கு மூலம் கொடுத்தாற்போல, இரண்டும் ஏறக்குறைய ஒரே திணிவைத் தந்தன. 148 என்னும் எண்ணுக்குப்பின் பதினேழு சுழியங்களை இட்டால் வருகின்ற அத்தனை கிலோகிராம். பெரிய தொகைதான், எனினும் நம் திங்களின் திணிவிலே ஐயாயிரத்தில் ஒரு பங்கே.

இத்திணிவைக் கனவளவால் வகுத்தபோது வெளிவந்த விடைதான் வியப்பைத் தந்தது. தண்ணீரின் அடர்த்தி 1 ஆயின், சில்வியாவின் அடர்த்தி 1.2 என்று 2005 இல் மதித்தனர். பின்னர் அது 1.4 அளவில் இருக்குமெனத் திருத்தினர். கருங்கல்லின் அடர்த்தி 2.7. கரிப்பொருள் மிக்க விண்கற்களும் பெரும்பாலும் 2 க்கு மேற்பட்டவையே. அவ்வாறாயின், திண்ணிய கல்லென்று நாம் எண்ணியிருந்த பொருள் கல் அன்று, கற்குவியல். குவியலின் இடையிடையே பெரும் பகுதி வெற்றிடம்; பனிக்கட்டியும் கலந்திருத்தல் கூடும். முன்னொரு காலத்திலே பெரியதோர் உலகம் மற்றொன்றோடு மோதிச் சிதறிற்று. சிதறியவற்றுட் பெரும்பகுதி தன் ஈர்ப்பினால் மீண்டும் திரண்டு சில்வியா ஆயிற்று. திரளாது நின்ற துண்டுகளுள் இரண்டு அதனைச் சுற்றலாயின என்பர் ஆய்ந்தோர். கதையிலே மட்டுமன்றி, உண்மையிலும் அவை ஓருடலிற் பிறந்தவையே.

ஆராய்ச்சி அத்தோடு நிற்கவில்லை. 2013 சனவரி 6 ஆம் நாள் சில்வியாவும் ரொமுலசும் ஒரு விண்மீனை மறைத்துச் சென்றன. ஐரோப்பாவின் தென்பகுதியிலே பல ஊர்களில் நின்று, மீன் எந்த வினாடியில் மறைந்தது, எந்த வினாடியில் மீண்டும் தோன்றியது என்று பலர் குறித்தனர். அவர்களுட் பலர் வானியலைத் தொழிலாகக் கொள்ளாத ஆர்வலர்கள். அந்த நேரக் குறிப்புக்களை ஒன்றுசேர்த்தபோது, ரொமுலசு ஏறத்தாழ 23 கிலோமீற்றர் அளவினதென்றும், அதுவும் நீண்ட வடிவினதென்றும் தெரிந்தன. 2021 இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இன்னும் ஒரு படி உள்ளே சென்றது. சில்வியா எங்கும் ஒரே சீரான குவியலாயின், அதன் நீண்ட வடிவம் உபகோள்களின் பாதையை மெல்ல மெல்லத் திருப்பவேண்டும். எதிர்பார்த்த அத்திருப்பம் காணப்படவில்லை. ஆகவே, நடுவிலே உருண்டையான, செறிந்த கரு ஒன்றும், அதனைப் போர்த்து இலகுவான பொருக்கும் இருக்கவேண்டும் என்று அவ்வாய்வாளர் முடிவுகட்டினர். ஒரு காலத்திலே உள்ளே வெப்பம் பிறந்து, பனி உருகி, கனமானது அடியிற் படிந்த வரலாறு அதற்கு இருந்திருக்கலாம்.

அங்கு சென்று நிற்பவனுக்கு உலகம் எப்படித் தோன்றும் என்று கணக்கின் துணைகொண்டு நான் கற்பனை செய்வதுண்டு. ஞாயிறு நாம் காண்பதிலே மூன்றரையில் ஒரு பங்கு அகலமாய்ச் சுருங்கி, பன்னிரண்டில் ஒரு பங்கு ஒளியே தரும். உதயத்துக்கும் அத்தமனத்துக்கும் இடையே இரண்டரை மணி நேரம். ஓராண்டிலே பதினோராயிரம் நாட்கள். அறுபது கிலோகிராம் எடையுள்ளவன் அங்கே நம் ஊர்த் தராசில் மூன்றிலொரு கிலோகிராமே நிறுப்பான். நெஞ்சளவு உயரத்திலிருந்து கைதவறிய கல் நிலத்தைத் தொட ஏழு வினாடி செல்லும். தலைக்கு மேலே ரொமுலசு நம் முழுமதியைப்போல் இருமடங்கு அகலமாய், ஆனால் கரிய கிழங்கு போன்ற வடிவோடு, தவழ்ந்து செல்லும். அதற்குக் கீழே ரீமசு சிறிதாய் விரைந்தோடும்.

இக்காட்சியில் எதனையும் பொக்சன் அறிந்திலர். முப்பது ஆண்டுகள் சென்னையிலேயே பணிபுரிந்து 1891 இல் அங்கேயே அவர் காலமானார். இரகுநாதாச்சாரியார் அதற்கு முன்னரே, 1880 இல், மறைந்தார். அவர்கள் வாழ்நாளிலே சில்வியா ஒரு புள்ளி. இலக்கம் இட்ட ஒரு பெயர். ஆறரை ஆண்டுக்கு ஒருமுறை வட்டமிடும் ஓர் ஒழுக்கு. அவ்வளவே. ஆயினும், அன்று அவர்கள் அதன் இடத்தைத் திருத்தமாகக் குறித்து வைத்ததனாலன்றோ, பின்வந்தோர் தம் பெரிய கருவிகளை எங்கே திருப்புவது என்று அறிந்தனர்? முதற் புள்ளிக்கும் ரொமுலசுக்கும் இடையே சில்வியா இருபது முறை ஞாயிற்றைச் சுற்றி வந்துவிட்டது. அந்த இருபது சுற்றிலும் யாரோ ஒருவர், எங்கோ ஓரிடத்தில், கூலியை எண்ணாது அதனைப் பார்த்துக் குறித்துக்கொண்டேயிருந்தார்.

சென்னையின் வானாய்வுப் பணி 1899 இல் கோடைக்கானல் மலைக்கு மாறிற்று. நுங்கம்பாக்கத்திலே, இப்பொழுது வானிலை நிலையம் உள்ள இடத்தில், பழைய நிலையத்தின் கருங்கற்றூண் ஒன்று நிற்கிறது. அதன்மேற் பொறித்த மொழிகளுள் நம் தமிழும் ஒன்று. பொக்சன் அங்கிருந்து 1868 இற் கண்ட கமில்லாவுக்கும் இப்பொழுது இரண்டு உபகோள்கள் கண்டறியப்பட்டுள்ளன. இரண்டாவது அகப்பட்டது 2016 இல். சில்வியாவோ அன்றுமுதல் இருபத்து நான்கு சுற்றுக்களை முடித்துவிட்டு அடுத்ததில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் நடுவிலே கரு ஒன்று உண்டு என்னும் முடிவை உறுதிசெய்ய, இரு பிள்ளைகளின் ஓட்டத்தையும் இன்னும் பல ஆண்டு பார்த்துக் குறித்தல் வேண்டும்.